20 வார ஸ்கேனுக்குத் தனியாகப் போகாதீர்கள்

இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, வயிற்றில் 19 வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைக் கடிதத்தில் '20 வார ஸ்கேன்' என்று இருக்கிறது, அம்மா 'அனாமலி ஸ்கேன் எடுத்தாயா' என்கிறார், தோழி '4டி எடு' என்கிறாள், இதில் எது தேவை, தொட்டில் எப்போது வாங்குவது என்று கேட்கிறீர்கள். தொட்டிலுக்கு இன்னும் காலம் இருக்கிறது, தங்கை. ஸ்கேனைப் பற்றிச் சொல்கிறேன்.

அனாமலி ஸ்கேன், லெவல் 2, டிஃபா, 20 வார ஸ்கேன் எல்லாம் ஒன்றுதான், குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. பொதுவாக 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பார்கள். தலை, மூளை, உதடு, முதுகுத்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், அங்கிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய்கள், இரைப்பை, சிறுநீரகங்கள், கைகால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அளப்பார்கள். பனிக்குட நீர், நஞ்சுக்கொடி இருக்கும் இடம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இந்தத் தேதியை எந்த வேலைக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை திரும்பிப் படுத்திருந்தால் மறுபடியும் வரச் சொல்வார்கள். அதற்காகக் கலங்க வேண்டாம். எல்லாம் சரி என்று சொன்னாலும் எல்லாக் குறைகளும் இதில் தெரிந்துவிடாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மற்ற ஸ்கேன்கள் எல்லாருக்கும் இல்லை. தாய்க்குக் கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை நோய் இருந்தாலோ, குடும்பத்தில் பிறவி இதயக் கோளாறு இருந்தாலோ குழந்தையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் எக்கோ என்ற ஸ்கேனைத் தனியாக எடுப்பார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்க டாப்ளர். கருப்பை வாயின் நீளத்தை அளக்க, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன். அது 25 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் குறைப்பிரசவ அபாயம் கூடும், முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுக்க முடியும். நம் பெண்கள் பலர் கூச்சத்தால் இதை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

குழந்தையின் முகத்தையும் அசைவையும் படமாகக் காட்டும் 4டி விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. முகம் தெளிவாகத் தெரிவது 26 வாரத்துக்குப் பிறகுதான். நினைவுப் படம் எடுத்துத் தரும் கடையில் குழந்தை சிரிப்பதைப் பார்த்துவிட்டு, மருத்துவமனை ஸ்கேன் இனி எதற்கு என்று போகாமல் இருந்த ஒருத்தியை நான் அறிவேன். அந்தப் படம் பரிசோதனை ஆகாது.

என் முதல் ஸ்கேனில் ஸ்கேன் எடுத்த பெண் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அளந்துகொண்டே இருந்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தபடி கண்ணீர் விட்டேன். கவனமாக வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் மௌனமாக இருப்பார்கள் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைசியில் அவள் சொன்னதை என் கணவர் 'ஏதோ கீழே இருக்கிறதாம்' என்று தமிழில் சொன்னார். எனக்கு முன்பே வந்து குடியேறிய ஓர் அக்கா, குழந்தை நழுவிவிடும், எழுந்திருக்காதே என்றார். ஆறு வாரம் படுக்கையிலேயே கிடந்தேன். உண்மையில் நஞ்சுக்கொடிதான் கொஞ்சம் கீழே இருந்தது. 20 வாரத்தில் பலருக்கு அப்படி இருக்கும். கருப்பை வளர வளர பெரும்பாலும் அது மேலே போய்விடும், 32 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். ரத்தக்கசிவு இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இவ்வளவையும் அந்தப் பெண் அன்றே சொல்லியிருந்தாள், எங்களுக்குத்தான் புரியவில்லை.

மூத்தவர்கள் என்ற தகுதியில் புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தும் அக்காக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாடகை வீடு பற்றிக் கேளுங்கள், வயிற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். இரண்டாவது பிள்ளைக்குள் நான் இந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டேன். திரையில் எது இதயம், எது சிறுநீர்ப்பை என்று நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று வீடு திரும்பும்போது இந்த நாட்டில் முதல் முறையாக நிமிர்ந்து நடந்தேன்.

கணவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கெட்ட செய்தியைப் பாதி விழுங்கிவிட்டுத்தான் நம்மிடம் சொல்வார்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு நாளைக் காலையிலேயே அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அவர்களால் முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.