வாசிப்பதும் எழுதுவதும் செபமாகுமா?

கேள்வி: கண்ணை மூடிச் செபிக்க உட்கார்ந்தால் மனம் அலைகிறது. விவிலியமோ ஆன்மீக நூலோ கையில் இருந்தால் ஒன்றிப்போகிறேன். நோட்டில் இறைவனுக்கு எழுதவும் செய்கிறேன். சில நாள் இயேசு பதில் சொல்வதுபோலவும் எழுதுகிறேன். இதெல்லாம் செபமா, இல்லை செபத்தைத் தட்டிக்கழிக்கிறேனா?

பதில்: தட்டிக்கழிக்கவில்லை. கவலையை விடுங்கள். செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை போற்றும் அவிலா நகர் புனித தெரேசாவே, ஏறத்தாழ 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபிக்கத் துணிந்ததில்லை என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பல நேரம் நூலைத் திறந்தாலே போதுமாக இருந்ததாம்.

ஆனால் வாசிப்பு தானாகவே செபமாகிவிடாது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், கடவுள் தம்மை வெளிப்படுத்துவது பற்றி 1965இல் வெளியிட்ட ஏடு, விவிலிய வாசிப்போடு செபமும் சேர்ந்து வரவேண்டும், அப்போதுதான் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே உரையாடல் நடக்கும் என்கிறது. வாசித்தது உங்களை அவரிடம் பேச வைக்கிறதா, அல்லது அவர் முன் பேசாமல் இருக்க வைக்கிறதா? இரண்டில் ஒன்று நடந்தாலும் அது செபம்தான். அடுத்த அதிகாரத்துக்கு மட்டும் ஓட வைத்தால், அது நல்ல வாசிப்பு, அவ்வளவுதான்.

மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழே வசனங்கள். மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு, இரண்டு முறை வாசியுங்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர் என இயேசு அவரைக் கேட்கும் இடம் மனதைத் தொட்டால், அங்கேயே நில்லுங்கள். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி பதில் சொல்லுங்கள். மீதி வசனங்கள் நாளைக்கு இருக்கட்டும். ஒன்றிரண்டு சொற்களில் சுவையும் ஆறுதலும் கிடைத்தால், ஒதுக்கிய நேரம் தீர்ந்தாலும் மேலே போகக் கவலைப்பட வேண்டாம் என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தரும் அறிவுரை. அவருடைய மனமாற்றமும் 1521இல், காயம்பட்டுப் படுத்திருந்தபோது கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்ததில்தான் தொடங்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். செப நேரத்தில் பிறருக்கு அனுப்ப நல்ல வரிகளைத் தேடாதீர்கள். தேடத் தொடங்கியதுமே கவனம் கடவுளை விட்டு அவர்கள் பக்கம் போய்விடும்.

எழுதுவதும் இப்படித்தான். "இன்று மனம் சரியில்லை" என்பது நாட்குறிப்பு. "ஆண்டவரே, இன்று மனம் சரியில்லை, ஏனென்று உமக்குத் தெரியும்" என்று எழுதினால் நீங்கள் செபிக்கத் தொடங்கிவிட்டீர்கள். புனித அகுஸ்தினார் தன் வாழ்வை அறிக்கையிட்ட நூலின் 13 பகுதிகளும் கடவுளை நோக்கிப் பேசுபவையே. நடை, இலக்கணம் எதுவும் பார்க்க வேண்டாம். மனம் அலைந்தால், எங்கே அலைகிறதோ அதையே அவரிடம் எழுதுங்கள். எழுத எதுவுமே வராத நாளில் ஒரு திருப்பாடலை மெல்லக் கையால் படியெடுங்கள். வறண்ட நாட்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அப்புறம் பேனாவை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருங்கள். இதை விட்டுவிடாதீர்கள், அவரையும் பேச விட வேண்டும் அல்லவா?

இயேசுவின் பதிலாக நீங்கள் எழுதுவதைப் பற்றி: கற்பனையைச் செபத்தில் பயன்படுத்துவதில் தவறில்லை. இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற செப வழிகாட்டி நூலிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் அந்த வரிகளை இயேசுவே நேரில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நற்செய்தியில் பேசும் இயேசுவோடு ஒத்துப்போகாத எதையும், முக்கியமாக உங்களை நம்பிக்கையிழக்கச் செய்வதையும் பிறரை வெறுக்கச் செய்வதையும், தள்ளிவிடுங்கள். வேலை, திருமணம், துறவு போன்ற முடிவுகளை அந்த நோட்டை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் பேசுங்கள்.

பாவங்களை எழுதி மன்னிப்புக் கேட்பதும் நல்ல செபமே. ஆனால் அது ஒப்புரவு அருளடையாளத்துக்கு, அதாவது குருவிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்துக்கு, ஈடாகாது. அந்தப் பக்கங்களை யார் கண்ணிலும் படாமல் வையுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து முடித்ததும் தயங்காமல் கிழித்துப் போடுங்கள்.