கணிப்பியல் விஞ்ஞான மேற்படிப்பு: வன்னி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கணிதத்துறைக்குள் படிக்கும் கணிப்பியல் விஞ்ஞானம், கணினி விஞ்ஞானத்திலிருந்து எப்படி வேறுபடும்? (பம்பைமடு மாணவி)

கணினி விஞ்ஞானத்துக்குக் கணினிதான் படிப்புப் பொருள். இங்கே வெள்ளம், வெப்பம், பாலத்தின் அதிர்வு ஆகியவற்றின் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து, விடையில் எவ்வளவு வழு இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கணிதத்துறை அதற்கு நிறுவலும் கேட்கும்.

பைதனில் ஒன்று செய்து பாருங்கள். 12×12 ஹில்பேர்ட் தாயத்தை (i ஆம் நிரை, j ஆம் நிரலில் 1/(i+j−1) என்ற எண் உள்ள அட்டவணை), எல்லா உறுப்பும் 1 ஆன நிரல் தாயத்தால் பெருக்குங்கள். வந்த பெறுமானத்தைக் கொடுத்து அந்த நிரல் தாயத்தைத் திரும்பக் கேளுங்கள். 5×5 இல் ஒழுங்காக 1 வரும். 12×12 இல் சில உறுப்புகள் கண்ணுக்குத் தெரியவே விலகும். விடையைச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தாலோ, மீதி பூச்சியத்துக்குக் கிட்டத்தான் நிற்கும். ஏன் என்று உங்களுக்குத் தலையைக் குடைந்தால், இது உங்களுக்கான துறைதான்.

இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்தால் நீர் எப்படிப் பரவும் என்று நிரல் எழுதினேன். கட்டம் 25 மீற்றர், நேரப்படி (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) 5 செக்கன். சிறிது நேரத்தில் எண்கள் வெடித்து 'நான்' (NaN, 'எண் அல்ல' என்ற குறி) என்று வருகிறது. (கிளிநொச்சி)

2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட மண்ணில் இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் வேண்டாம். பிழை உங்கள் நேரப்படியில்தான். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். ஆழம் 36 அடி, அதாவது ஏறக்குறைய 11 மீற்றர் என்றால், வேகம் செக்கனுக்கு 10.4 மீற்றர். 5 செக்கனில் அலை 52 மீற்றர் போய்விடும். உங்கள் நிரலோ பக்கத்துக் கட்டத்தை மட்டுமே பார்க்கிறது. ஒரு நேரப்படியில் அலை ஒரு கட்டத்துக்கு மேல் போகக்கூடாது: கூறண்ட், பிரிட்றிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர் மூவரும் 1928 இல் சொன்ன நிபந்தனை இதுதான். ஒரு பரிமாணத்தில் 2.4 செக்கனுக்குக் கீழே, இரு பரிமாணத்தில் 1.7 செக்கனுக்குக் கீழே வையுங்கள். கதவடியில் நீரின் வேகமும் சேருவதால் 1 செக்கன் பாதுகாப்பு.

அதன் பிறகும் 'நான்' வந்தால் கரையோரக் கட்டங்களைப் பாருங்கள். காய்ந்த இடத்தில் ஆழம் மறைப் பெறுமானமாகி, வர்க்கமூலம் உடைந்திருக்கும். 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த கட்டத்தில் வேகத்தைப் பூச்சியமாக்குங்கள். ஆழத்தை வெறுமனே பூச்சியத்துக்கு உயர்த்தாதீர்கள், இல்லாத நீர் குளத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் மொத்தக் கனவளவை அச்சிட்டால் அது உடனே பிடிபடும்.

கட்டத்தை 12.5 மீற்றராக்கினால் வேலை நாலு மடங்கல்ல, எட்டு மடங்கு: நேரப்படியும் பாதியாகிறது.

3 வருடப் பொதுப் பட்டத்தோடு அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாமா? (முல்லைத்தீவு)

பல துறைகள் 4 வருடப் பட்டத்தைத்தான் எதிர்பார்க்கும். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக வழி இருந்தால் விடாதீர்கள். முதுமாணிக்கு அங்கே பெரும்பாலும் காசு கட்டவேண்டும். கலாநிதிப் படிப்புக்குக் கற்பித்தல் உதவியாளர் பதவியோடு கட்டண விலக்கும் கொடுப்பனவும் கிடைப்பது வழமை. முதுமாணி இல்லாமலே நேரே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஓகஸ்டில் தொடங்க, அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே பல இடங்களில் விண்ணப்ப முடிவு திகதி. பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளர்களை ஒக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள்.

மின்வெட்டில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு போய்விடுகிறது. (மாங்குளம்)

ஒவ்வொரு 500 படிக்கும் நிலையைக் கோப்பில் சேமியுங்கள். பழைய கோப்பின் மேல் நேரே எழுதாமல், வேறு பெயரில் எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றுங்கள். எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் பழையது மிஞ்சும்.