மருத்துவர் பதில்: டிஃபன் பாக்ஸ் ஏன் அப்படியே திரும்பி வருகிறது?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் மிட்ராண்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு ஐடி வேலை. ஒரே மகள், 15 வயது, கிரேட் 9 படிக்கிறாள். ஊரில் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது பள்ளிவிட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே தலைவலி, வயிற்றுவலி. கண் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் நார்மல். கொடுத்தனுப்பும் சாப்பாடு பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படிப்பதாகச் சொல்கிறாள். கையில் இருப்பது என்னவோ போன்தான். மார்க்கும் குறைந்துவிட்டது. "உன் ஸ்கூல்ல நம்ம பிள்ளைங்க அத்தனை பேர் இருக்காங்களே, அவங்களோட பழகேன்" என்றால் அழுகிறாள். போனைப் பிடுங்கி வை என்கிறார் கணவர். இது சத்துக் குறைவா, போனால் வந்த கேடா, மனநோயா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளை வாட்டுவது தனிமை என்றுதான் எனக்குப் படுகிறது. முதலில் ஒன்று. போனைப் பிடுங்க வேண்டாம். இங்கே விடியற்காலை 4 மணி என்றால் கோயம்புத்தூரில் காலை ஏழரை. அவளுடைய பழைய தோழிகள் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அவர்களைப் பிடிக்கத்தான் உங்கள் மகள் அந்த இருட்டில் எழுந்துகொள்கிறாள் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க அவளோடு மனம்விட்டுப் பேசுகிறவர்கள் அந்த அரை மணி நேரத்தில்தான் கிடைக்கிறார்கள் என்றால், அதையும் பறித்துவிட்டு அவளுக்கு என்ன மிச்சம் வைக்கப் போகிறோம்?

ஆனால் தூக்கத்தை விட்டுக்கொடுக்க முடியாது. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதனால் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டுவிட்டு 3 மணிக்கு உட்கார்ந்தால் அங்கே மாலை ஆறரை. தோழிகளும் வீட்டில் இருப்பார்கள். "இந்த நேரம் உனக்கும் உன் ஃபிரெண்ட்ஸுக்கும், நான் குறுக்கே வரமாட்டேன்" என்று சொல்லிக் கொடுங்கள். ராத்திரி போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், உங்கள் இருவரின் போன்களும் அதன் பக்கத்திலேயே.

அடுத்து அந்த டிஃபன் பாக்ஸ். உங்கள் சமையலில் குறை தேட வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, "பிரேக்ல எங்கே உட்காருவே?" என்பது. யாராவது கூட இருக்கும் பிள்ளை யோசிக்காமல் இடத்தைச் சொல்லிவிடும். இல்லாத பிள்ளை தரையைப் பார்க்கும், அப்புறம் மெதுவாக "லைப்ரரி" என்று சொல்லும். சில பிள்ளைகள் "பாத்ரூம்" என்று சொல்லியிருக்கிறார்கள். லைப்ரரியில் சாப்பிட விடமாட்டார்கள். நூறு பேர் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் தனியாக டிஃபன் பாக்ஸைத் திறப்பதை நினைத்தாலே அவர்களுக்கு உடம்பு கூசும். பசியே மேல் என்று இருந்துவிடுகிறார்கள். நீங்களும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரணை மாதிரி வேண்டாம். கார் ஓட்டும்போது கேளுங்கள், முகம் பார்க்காமல் பேசுவது அவளுக்கும் சுலபம்.

தலைவலியும் வயிற்றுவலியும் நடிப்பில்லை. ஆள் கூட்டத்துக்கு நடுவே நமக்கென்று யாருமில்லை என்று தோன்றும்போது மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. எப்போதும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி உடம்பை முடுக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் மேலோட்டமாகிறது, கழுத்துத் தசை இறுகித் தலை வலிக்கிறது, குடல் பிசைகிறது. திங்கட்கிழமையை நினைத்து ஞாயிறு மாலையே அது தொடங்குவதில் ஆச்சரியமில்லை. பெரியவர்களிடம் இது வருடக்கணக்கில் நீடித்தால் இதயநோய், பக்கவாத வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 15 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு வரும் என்று பயப்படாதீர்கள். இதை வெறும் மூட் அவுட் என்று தள்ளிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் விதிவிலக்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். 13 முதல் 29 வயதுக்குள் அது 17 முதல் 21 சதவீதம், அதிலும் பதின்வயதினர்தான் முன்னால் நிற்கிறார்கள். இளையோரின் தனிமையைப் பற்றி வந்த 63 ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தார்கள். தனிமைக்கும் பின்னால் வரும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு ஒன்பது வருடம் வரைக்கும்கூடத் தெரிந்தது. தனிமை எவ்வளவு கடுமையானது என்பதைவிட எவ்வளவு காலம் நீடித்தது என்பதே அதில் முக்கியமாக இருந்தது. இரண்டு வருடம் நீண்ட காலம். "வயசு, தானா சரியாகிவிடும்" என்று இனியும் காத்திருக்க வேண்டாம்.

"நம்ம பிள்ளைங்க இருக்காங்களே" என்று நீங்கள் சொன்னபோது அவள் ஏன் அழுதாள் என்று எனக்குப் புரிகிறது. வகுப்பில் நாயுடு, பிள்ளை, கோவெண்டர் என்று பெயர் படிப்பார்கள். கேட்டால் நம் ஊர்ப் பெயர்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் 1860இல் தொடங்கி இந்த நாட்டின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் தலைமுறைகளாக ஆங்கிலம். அவர்களுடைய கிண்டல், பாட்டு, ரக்பி, சின்ன வயதிலிருந்தே சேர்ந்து படித்த கூட்டு, எல்லாம் இந்த மண்ணுடையவை. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் நடுவில் உங்கள் மகள் இன்னும் புதியவள். அவளைப் போலவே முகம் உள்ளவர்களிடமும் சேர முடியவில்லையே என்பதால், குறை தன்னிடம்தான் என்று அவள் முடிவு கட்டியிருக்கலாம். அந்த எண்ணம்தான் எனக்குக் கவலை தருகிறது. நீண்ட நாள் தனித்து இருந்தவர்களுக்குப் பார்வையே மாறிவிடும். தூரத்தில் இரண்டு பெண்கள் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும், யாராவது பேச வந்தாலும் இரக்கப்பட்டு வருகிறார்கள் என்று படும். தனிமைக்கான சிகிச்சை முறைகளை ஒப்பிட்டு 2011இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்களோடு பழக வாய்ப்பு ஏற்படுத்தித் தருவதைவிட இந்தத் தவறான எண்ணங்களைச் சரிசெய்வதே அதிகம் உதவியது. "போய்ப் பழகு" என்ற அறிவுரை பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உளவியல் ஆலோசகர் இதில் நன்றாக உதவ முடியும். பள்ளியிலேயே கவுன்சிலர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

வாய்ப்பும் வேண்டும்தான், ஆனால் சரியான வாய்ப்பாக. மிட்ராண்டில் உங்கள் வீட்டைச் சுற்றி மதில், மேலே மின்வேலி, வாசலில் செக்யூரிட்டி. ஊரில் மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக முடியாது. தோழமை தற்செயலாக வளரும் இடமெல்லாம் இங்கே அடைபட்டுக் கிடக்கிறது, அதனால் நாமே ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். தெரிந்தவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று 2018இல் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பள்ளியில் நெட்பாலோ கொயரோ செஸ்ஸோ, வாரம் இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம் என்றால் 50 மணி நேரம் சேரப் பதினேழு வாரம், ஒன்றரை டேர்முக்கு மேல். அதனால் மூன்றாவது வாரமே "யாராவது ஃபிரெண்ட் ஆனாங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு நடவடிக்கை போதும், அவளே தேர்ந்தெடுக்கட்டும், அதே முகங்களை வாரம் தவறாமல் பார்க்கட்டும். மாதம் ஒரு பெரிய பார்ட்டியைவிட இது மேல். ஒரு பெண்ணின் பெயர் அவள் வாயில் இரண்டு முறை வந்துவிட்டால், அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பி, இருவரையும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துவர நீங்கள் காரை எடுங்கள். மெல்ரோஸ் கோயில் காவடிக்குக் குடும்பமாகப் போகிறீர்கள் என்றால், சும்மா கும்பிட்டுவிட்டு வராமல் அன்னதானம் பரிமாற அவளையும் சேர்த்துவிடுங்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

வகுப்பாசிரியருக்கும் சொல்லிவைக்க வேண்டும், ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு. யாராவது கேலி செய்கிறார்களா, வாட்ஸாப் குழுவிலிருந்து நீக்கினார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். அது இருந்தால் கதையே வேறு, பள்ளி தலையிட்டே தீர வேண்டும்.

இனி கவனிக்க வேண்டியது. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சோகமோ எரிச்சலோ, பிடித்ததில்கூட நாட்டமின்மை, எடை குறைதல், கையில் கீறல், வெயிலிலும் முழுக்கை சட்டை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். "உயிரை விடணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல வழி கிடைத்ததே என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். பிள்ளைகளே பேச சைல்ட்லைன் 116 இருக்கிறது, கட்டணமில்லை. தற்கொலை எண்ணத்துக்கு சாடாக் என்ற மனநல அமைப்பின் 0800 567 567, இரவு பகல் எப்போதும். உடனடி ஆபத்து என்றால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

சத்துக் குறைவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. மாதவிலக்கு வந்த பெண், மதியம் சாப்பிடுவதில்லை. ரத்தசோகை இருக்க வாய்ப்பு உண்டு. ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, தைராய்டு, சைவம் என்றால் பி12 பாருங்கள். குறைந்திருந்தால் சோர்வும் தலைவலியும் ஓரளவு தீரும். டானிக் மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மாதத்துக்குள் உங்கள் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், பாதி நேரம் அவளோடு தனியாகப் பேசச் சொல்லுங்கள். விவரம் புரிகிற பக்குவம் இருந்தால் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதனால் நீங்கள் வெளியே உட்கார்ந்திருப்பதில் தவறொன்றும் இல்லை. ஆபத்தான விஷயம் என்றால் மருத்துவர் உங்களிடம் சொல்லுவார். திரும்பும் வழியில் "டாக்டர்கிட்ட என்ன சொன்னே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவளாகப் பேச ஆரம்பித்தால், வீடு வந்த பிறகும் காரை விட்டு இறங்காமல் கேளுங்கள்.