எக்செல்லை விட்டு லிப்ரே ஆஃபீஸ் கால்க்குக்கு மாறலாமா?

கேள்வி: மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். ஸ்டாக், வசூல், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. நான்கு கம்ப்யூட்டருக்கும் லைசென்ஸ் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. இலவச லிப்ரே ஆஃபீஸுக்கு மாறினால் பழைய ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்குமா? ஆடிட்டருக்கு அனுப்புவதில் சிக்கல் வருமா?

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் நான்கில் ஒன்றில் மட்டும் எக்செல் இருக்கட்டும். காரணம், மேக்ரோ. அதாவது, ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்து, வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல். ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி சுருக்கக் கணக்குப் படிவம்) தாக்கலுக்குத் தரப்படும் எக்செல் யூட்டிலிட்டி, விபிஏ என்ற எக்செல்லின் நிரல் மொழியில் எழுதிய மேக்ரோவில் ஓடுவது. கால்க் அதைத் திறந்தாலும் அதிலுள்ள பொத்தான்களை நம்ப முடியாது. உங்களிடம் எக்ஸ்எல்எஸ்எம் (.xlsm, மேக்ரோ உள்ள எக்செல் ஃபைல்) என்று முடியும் ஃபைல்கள் எத்தனை என்று முதலில் தேடிப் பாருங்கள். எளிய மேக்ரோக்கள் பெரும்பாலும் ஓடிவிடும். யூசர்ஃபார்ம் (மேக்ரோ திறக்கும் படிவப் பெட்டி), ஆக்டிவ்எக்ஸ் (விண்டோஸுக்கே உரிய வகை) பொத்தான் இருப்பவைதான் மக்கர் செய்யும். வெளியிலிருந்து தரவை இழுத்துவரும் எக்செல் வசதியான பவர் குவெரியும் கால்க்கில் கிடையாது. ஏற்கெனவே வந்து விழுந்த தரவு தெரியும், ரெஃப்ரெஷ் ஆகாது. தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் உண்டு, அதைப் பொத்தான் தட்டி வடிகட்டும் ஸ்லைசர் இல்லை.

மற்றபடி ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைகள், எக்செல்லைப் போலவே. 24.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். எக்ஸ்லுக்கப், ஃபில்டர், யுனீக் ஆகிய ஃபங்ஷன்கள் அதில்தான் வந்தன. பழைய பதிப்பில் அந்தக் கட்டங்கள் பிழை காட்டும். பெயர் ஒத்திருக்கிறதே என்று அப்பாச்சி ஓப்பன் ஆஃபீஸை இறக்கிவிடாதீர்கள். அது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx, எக்செல்லின் வழக்கமான வடிவம்) ஃபைலைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது.

நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லேங்குவேஜஸ் அண்ட் லோக்கேல்ஸ் போய், லோக்கேல் செட்டிங்கில் (எந்த நாட்டு முறை என்பதற்கான அமைப்பு) இங்கிலீஷ் (இந்தியா) என்று வையுங்கள். அமெரிக்க அமைப்பிலேயே விட்டால் ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04/2025 அடிப்பீர்கள், அது மே 4 ஆகப் பதிவாகும். 13/04/2025 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். தேதி வாரியாக வரிசைப்படுத்தும்போதுதான் குளறுபடி தெரியும். இந்த ஒரு மாற்றத்தால் தேதி சரியாகும். ஆயிரப் பிரிப்பு வைத்த தொகைகளும் 12,34,567 என்று லட்சக் கணக்கில் தெரியும்.

உங்கள் தொழிலில் அதிகம் அடிபடப்போவது எச்எஸ்என் குறியீடு, அதாவது ஜிஎஸ்டியில் ஒவ்வொரு சரக்கு வகைக்கும் உள்ள எண். பருப்புக்கு 0713, மிளகுக்கு 0904. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலைத் திறக்கும்போது டெக்ஸ்ட் இம்போர்ட் என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் ஓகே தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்து 713, 904 ஆகிவிடும். பெட்டியின் கீழே முன்னோட்டத்தில் அந்தக் காலத்தின் (column, நெடுவரிசை) தலைப்பைக் கிளிக் செய்து, காலம் டைப்பில் டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். பேங்க் அக்கவுண்ட் நம்பர் காலத்துக்கும் இதையே செய்யுங்கள். 15 இலக்கத்துக்கு மேல் போனால் எண்ணாகச் சேமிப்பது நம்பத்தக்கதல்ல. தமிழ்ப் பெயர்கள் புரியாத எழுத்துகளாக வந்தால் அதே பெட்டியில் கேரக்டர் செட்டை யூனிகோட் (யுடிஎஃப்-8) ஆக்குங்கள்.

கூட்டுத்தொகை குறைகிறதா? கண்ட்ரோல் + எஃப்8 அழுத்துங்கள். எண்கள் நீலமாகவும் ஃபார்முலாக்கள் பச்சையாகவும் மாறும். தொகைக் காலத்தில் எது கறுப்பாகவே இருக்கிறதோ அது எண் வேஷம் போட்ட எழுத்து. சம் ஃபங்ஷன் அதைக் கூட்டாது. அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் செல்ஸில் நம்பர் என்று மாற்றி, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் ஓகே கொடுத்தால் எண்ணாகிவிடும்.

இன்னொன்று: எக்செல் ஃபைலைத் திறக்கும்போது கால்க் வழக்கமாக ஃபார்முலாக்களை மறுபடி கணக்கிடாது, சேமித்திருந்த விடையையே காட்டும். சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9.

ஆடிட்டரிடம் போய்வரும் ஃபைலை எக்ஸ்எல்எஸ்எக்ஸிலேயே வைத்திருங்கள். சேமிக்கும்போது வடிவம் பற்றிக் கேட்டால் எக்செல் வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்குள்ளேயே புழங்குபவற்றுக்கு கால்க்கின் சொந்த வடிவமான ஓடிஎஸ் பாதுகாப்பானது. ஒரு மாதக் கணக்கை இரண்டிலும் போட்டு, மொத்தங்கள் பைசா பிசகாமல் ஒத்துப்போன பிறகு மற்ற மூன்று கம்ப்யூட்டர்களையும் மாற்றுங்கள்.