சாக்லேட் கேக்கின் நடுவே கிரீம் சீஸ் ஏன் நீர்த்துப் போகிறது?

சாக்லேட் கேக்கின் நடுவில் கிரீம் சீஸ் வைத்து இருமுறை சுட்டதாகவும், முதல் முறை, கடையில் வெட்டிச் சுற்றித் தந்த துண்டு நீராகக் கசிந்து கேக்கைச் சொதசொதப்பாக்கியதாகவும், மறுமுறை உப்புக் கரித்ததாகவும் திருநெல்வேலி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடைக்காரர் சொல்வதுபோல் பிரீமிக்ஸ் மாவு (எல்லாம் முன்கூட்டியே கலந்த கேக் மாவு) வாங்கினால் சரியாகுமா என்பது அவருடைய கேள்வி.

வாங்க வேண்டாம். உங்கள் மாவில் குறை இல்லை, உள்ளே வைத்த பொருளில்தான் குறை. உப்புக் கரித்தது என்று சொல்வதிலிருந்தே, இரண்டாம் முறை உங்கள் கைக்கு வந்தது ரொட்டியில் தடவுகிற சீஸ் ஸ்ப்ரெட் என்று தெரிகிறது. முதிர்ந்த சீஸை உருக்கி, தண்ணீரும் உப்புகளும் சேர்த்துச் செய்யப்படும் அது வேறு பொருள். கிரீம் சீஸ் என்பது பாலையும் கிரீமையும் புளிக்கவைத்து நீரை வடித்து எடுப்பது. அமெரிக்க விதிப்படி அதில் பால் கொழுப்பு 33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, நீர் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கொழுப்புதான் சூட்டில் அதைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கிறது.

முதல் முறை நீங்கள் வாங்கியதோ, பெரிய கட்டியிலிருந்து வெட்டி வெறும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய துண்டு. பல கடைகளில் இதை ஃப்ரீசரில் உறையவைத்து, ஆள் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள். உறைந்து உருகிய கிரீம் சீஸ் திரிந்து, மணல்மணலாகி, நீரைக் கக்கிவிடும். பிரித்துக் கட்டி விற்பவரும் பெயர், தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால், கடைக்குள் வந்து அதைப் பார்ப்பதற்கு யாருமில்லை என்பதை ஆண்டுக்கணக்காகச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. உறையிட்ட கட்டியாக, முத்திரை உடையாததாக மட்டும் வாங்குங்கள். தரகர்போல் நடுவில் நின்று, “இதுவும் அதேதான், பாதி விலை” என்று தருபவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இனி செய்முறை. மைதா 190 கிராம், சர்க்கரை 200 கிராம், இனிப்பில்லாத கோகோ 25 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்து, தண்ணீர் 240 மில்லி, எண்ணெய் 80 மில்லி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். மாவு தோசை மாவைவிடச் சற்றே நெகிழ்ந்திருக்கும். பயந்து மைதாவைக் கூட்ட வேண்டாம். வினிகர் சேர்ந்ததும் சோடா பொங்கத் தொடங்கிவிடுமாகையால், அடுப்பை 175 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, சீஸ் கலவையையும் தயாராக வைத்துக்கொண்டு பிறகே மாவைக் கலக்க வேண்டும்.

சீஸ் கலவைக்கு, அறை வெப்பத்துக்கு வந்த கிரீம் சீஸ் 225 கிராமைச் சர்க்கரை 65 கிராமுடன் குழைத்து, கடைசியில் ஒரு முட்டையைச் சேருங்கள். முட்டை வெந்து இறுகும்போது நீரைப் பிடித்துக்கொள்கிறது. முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி சோளமாவு போடலாம். மாவை 20 செ.மீ. சதுரத் தட்டில் ஊற்றி, மேலே இதைக் கரண்டி கரண்டியாக வைத்தால், கேக் எழும்பி அதைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

கிரீம் சீஸ் கிடைக்காத ஊர்களில் வடித்த தயிர் போதுமா என்று பலர் கேட்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன். புளிக்காத, ஆடை எடுக்காத பாலின் தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இரவு முழுதும் தொங்கவிடுங்கள்; வெளியில் தொங்கவிட்டால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். காலையில் துணியைப் பிழிந்தாலும் சொட்டாத பதம் வேண்டும். அப்போதும் அதில் கொழுப்பு குறைவு என்பதால், உள்ளே வைத்துச் சுட்டால் திரியும். ஆகவே, கேக்கைத் தனியாகச் சுட்டு, முழுவதும் ஆறியபின் இரண்டாக அறுத்து, நடுவில் தடவுவதற்கு மட்டுமே அது உதவும். சூடாக இருக்கும்போது தடவினால் அதுவும் கசிந்துவிடும்.

சுமார் 40 நிமிடத்தில் குச்சியால் குத்திப் பாருங்கள். சீஸ் உள்ள இடத்தில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பலர் கேக்கைக் கருக்கிவிடுகிறார்கள். ஓரத்துக்கும் சீஸுக்கும் இடைப்பட்ட இடத்தில் குத்துங்கள். ஆறியபின் இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வெட்டினால் நடுப்பகுதி ஒழுகாமல் நிற்கும்.