மூன்றாவது இயங்குதளத்தில் போன் வாங்கும் முன்

கேள்வி: ஆண்ட்ராய்டும் இல்லாமல் ஐபோனும் இல்லாமல், வேறொரு இயங்குதளத்தில் ஓடும் போன் ஒன்றை வாங்க நினைக்கிறேன். கேமரா, பேட்டரி, திரை எல்லாமே பிடித்திருக்கிறது. அதன் ஸ்டோரில் ஆயிரக்கணக்கில் ஆப்கள் இருக்கின்றன என்கிறார்கள். ஆனால் நான் வைத்திருக்கும் இரண்டு மூன்று பிரபலமான ஆப்கள் அதில் இல்லை. நான் அதிகம் ஆப் பயன்படுத்துகிற ஆள் இல்லை, பிரவுசரில் சமாளித்துக்கொள்வேன். வாங்கலாமா?

பதில்: அந்த இரண்டு மூன்று ஆப்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. முடிவே அதில்தான் இருக்கிறது. ஸ்டோரில் எத்தனை ஆயிரம் ஆப்கள் என்ற கணக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 2013 ஜனவரியில் பிளாக்பெர்ரி 10 வந்தபோது 70,000 ஆப்களுடன் வருகிறோம் என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். அதனால் அந்தப் போன் பிழைத்துவிடவில்லை.

இல்லாத ஆப் ஒவ்வொன்றையும் எடுத்து, அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பாருங்கள். குறிப்பு எழுதும் ஆப், வானிலை ஆப், பாட்டு கேட்கும் ஆப் இதெல்லாம் நீங்களாகத் தேர்ந்தெடுத்தவை. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. ஒரு வாரம் கை பழகவேண்டும், அவ்வளவுதான். சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழு அப்படியில்லை. கணக்கு வைத்திருக்கும் வங்கியின் ஆப், அலுவலகம் உள்நுழையச் சொல்லும் ஆப், பிள்ளையின் பள்ளி தகவல் அனுப்பும் ஆப் ஆகியவையும் அப்படித்தான். இவற்றை உங்களுக்காக வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் போனை மாற்றியதற்காக அவர்கள் ஆப்பை மாற்றப்போவதில்லை. இந்த இரண்டாவது வகையில் ஒன்றே ஒன்று இல்லாவிட்டாலும் பழைய போனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலையவேண்டி வரும். ஆப் குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது. சொல்லப்போனால் அவர்களிடம் இருக்கும் நாலைந்து ஆப்பும் பெரும்பாலும் இந்த வகைதான்.

"இப்போது இல்லை, சீக்கிரம் வந்துவிடும்" என்று கடைக்காரரோ நிறுவனமோ சொன்னால் நம்பாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் 2010 அக்டோபரில் வந்தது. வேகமானது, அழகானது, நோக்கியாவின் அருமையான கேமராவும் அதற்குக் கிடைத்தது. அதே மாதம் ஐபோனில் இன்ஸ்டாகிராம் அறிமுகமானது. ஆண்ட்ராய்டுக்கு 2012 ஏப்ரலில் வந்துவிட்டது. விண்டோஸ் போன்காரர்கள் 2013 நவம்பர்வரை காத்திருந்தார்கள், கிடைத்ததும் சோதனைப் பதிப்புதான். முதலில் அதில் வீடியோ எடுக்கும் வசதிகூட இல்லை. தாமதமாக வருவதோடு அரைகுறையாகவும் வரும் என்பது இங்கே கவனிக்கவேண்டிய விஷயம். பெயர்ப் பட்டியலில் "இன்ஸ்டாகிராம் உண்டு" என்று ஒரு டிக் விழுந்துவிடும். பயன்படுத்துகிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

யூடியூப் கதை இன்னும் மோசம். கூகுள் ஆப் எழுதித் தராததால் 2013 மே மாதம் மைக்ரோசாஃப்டே ஒன்றை எழுதி வெளியிட்டது. அதில் விளம்பரம் ஓடவில்லை, வீடியோவைத் தரவிறக்கவும் முடிந்தது. கூகுள் எதிர்ப்புத் தெரிவித்தது. திருத்தி ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டார்கள். அதையும் கூகுள் தடுத்துவிட்டது. ஸ்னாப்சாட் கடைசிவரை வரவே இல்லை. தனி நிரலாளர்கள் எழுதிய மாற்று ஆப்களை வைத்துச் சிலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2014 டிசம்பரில் அவையும் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. "அதிகாரபூர்வ ஆப் இல்லை, ஆனால் அதேபோல ஒன்று இருக்கிறது" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அசல் நிறுவனம் நினைத்தால் ஒரே நாளில் அந்தக் கதவை மூடலாம், உங்கள் கணக்கையும் முடக்கலாம்.

இவ்வளவு பணமுள்ள நிறுவனத்தால் ஏன் சரிசெய்ய முடியவில்லை? மூன்றாவது தளத்துக்கு ஆப் எழுதவும் ஏறக்குறைய முதல் இரண்டுக்கு ஆகும் அதே உழைப்பு ஆகிறது. வரும் பயனர்களோ கொஞ்சம் பேர். எழுதுவதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு புது வசதியையும் மூன்று முறை கட்டவேண்டும், மூன்று முறை சோதிக்கவேண்டும், இயங்குதளம் மாறும்போதெல்லாம் திருத்தவேண்டும். ஆட்குறைப்போ செலவுக் குறைப்போ வந்தால் முதலில் வெட்டுப்படுவது மூன்றாவதுதான். ஆப் இல்லாததால் ஆள் வருவதில்லை, ஆள் வராததால் ஆப் வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்துப் பார்த்தது, மற்ற நிறுவனங்களுக்காகத் தானே ஆப் எழுதியும் கொடுத்தது. இதையெல்லாம் செய்தும் பயனர் எண்ணிக்கை போதவில்லை என்று அதன் அதிகாரி ஜோ பெல்ஃபியோர் 2017 அக்டோபரில் வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, நோக்கியா போன் தொழிலை வாங்கியதில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியிருந்தார்கள். ஆப் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். விண்டோஸ் போன் 7 வாங்கியவர்களுக்கு 8-ஆம் பதிப்பைத் தராமல் அம்போவென்று விட்டதும் ஒரு காரணம். ஆனாலும் வாடிக்கையாளர் வாயில் வந்த முதல் புகார் ஆப்தான்.

"ஆண்ட்ராய்டு ஆப்களும் ஓடும்" என்ற வாக்குறுதிக்கு வருவோம். இன்றைய மாற்றுப் போன்கள் பலவும் இதைச் சொல்லித்தான் விற்கின்றன. பொய்யில்லை, ஆனால் பாதிதான். பல ஆண்ட்ராய்டு ஆப்கள் தாமாக ஓடுவதில்லை. அடியில் கூகுளின் பிளே சேவைகள் இருப்பதாக நம்பி எழுதப்பட்டிருக்கின்றன. அறிவிப்பு வருவது, வரைபடம் தெரிவது, ஆப்புக்குள் பணம் கட்டுவது எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. அது இல்லாத போனில் ஆப் திறக்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் செய்தி வந்த அறிவிப்பு வராது, அல்லது வரைபடம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இதில் பெரிய தலைவலி வங்கி ஆப்கள். போன் நம்பகமானதா என்று அவற்றில் பல கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி மூலம் சோதிக்கின்றன. சோதனையில் தேறாவிட்டால் உள்ளேயே விடாது. ஆண்ட்ராய்டை வைத்து உருவாக்கிய, பாதுகாப்புக்குப் பேர்போன கிராஃபீன்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில்கூட சில வங்கி ஆப்கள் இப்படி மறுக்கின்றன. போன் பலவீனமானது என்பதல்ல காரணம், அது கூகுள் சான்றளித்த பட்டியலில் இல்லை என்பதுதான்.

2019-இல் அமெரிக்கத் தடைக்குப் பிறகு சீன நிறுவனமான ஹுவாவே வெளியிட்ட மேட் 30 போனில் கூகுள் சேவைகள் இல்லை. வன்பொருளில் யாரும் குறை சொல்லவில்லை. சீனாவில் இது பெரிய பாதிப்பும் இல்லை; அங்கே கூகுள் முன்பே கிடையாது, எல்லாரும் வீசாட் என்ற சீனச் செய்தி ஆப்பில் இருந்தார்கள். வெளிநாடுகளில்தான் விற்பனை அடிவாங்கியது. அதே போன், அதே கேமரா. சுற்றியிருக்கிறவர்கள் எந்த ஆப்பில் இருக்கிறார்கள் என்பதுதான் வேறு. ஹார்மனிஓஎஸ் என்ற ஹுவாவேயின் சொந்த இயங்குதளத்தின் பெயரைப் பார்த்து வாங்குவதானால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்: பழைய பதிப்புகளில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடின, 2024-இல் வந்த நெக்ஸ்ட் பதிப்பு அவற்றைக் கைவிட்டுவிட்டது.

சரி, பிரவுசர்? செய்தி படிக்க, டிக்கெட் எடுக்க, பொருள் வாங்க, ஃபேஸ்புக் பார்க்கத் தாராளமாகப் போதும். பேட்டரியும் மிச்சம். வாட்ஸ்அப்புக்கு மட்டும் அந்த நம்பிக்கை வேண்டாம். வாட்ஸ்அப் வெப் தனியாக நிற்காது, முதன்மைப் போன் ஒன்றில் கணக்கு இருந்தாகவேண்டும். அந்தப் போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் வைத்தால் இணைத்த கருவிகள் தாமாக வெளியேறிவிடும். வங்கியின் இணையதளமும் சில சமயம் ஒப்புதல் கேட்டு ஆப்புக்கே திருப்பி அனுப்பும்.

வாங்குமுன் இப்போதைய போனின் திரைநேரப் பக்கத்தைத் திறந்து, கடந்த ஒரு மாதத்தில் உண்மையில் திறந்த ஆப்களை எழுதிக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுதினால் அபூர்வமாகத் திறக்கும் முக்கியமானவை விட்டுப்போகும்: ஓடிபி உருவாக்கும் ஆப், காப்பீட்டு ஆப், கைக்கடிகாரத்துக்கும் காது கேட்கும் கருவிக்கும் துணையாக வரும் ஆப். கருவியே ஆப்பை நம்பியிருக்கும் இந்தக் கடைசி வகையைப் பலர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் அந்த ஆப்கள் புதுத் தளத்தின் ஸ்டோரில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காமல், கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் போன வாரம் புதுப்பித்த ஆப் இங்கே ஒரு வருடமாகத் தொடாமல் கிடந்தால், கைவிடப்பட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த நிலையிலிருந்து முழுவதும் போவதற்கு அதிக காலம் ஆவதில்லை. வாட்ஸ்அப் பிளாக்பெர்ரி 10-ஐ 2017 முடிவிலும் விண்டோஸ் போனை 2019 முடிவிலும் கைவிட்டது. போன்கள் நல்ல நிலையில்தான் இருந்தன.

பழைய உரையாடல்களையும் மறந்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்பு கூகுள் கணக்கில் இருக்கும்; கூகுள் இல்லாத போனில் அதை மீட்க முடியாது.

இல்லாத மூன்றும் நீங்களாகத் தேர்ந்தவை என்றால் வாங்குங்கள், ஒன்றும் ஆகாது. மூன்றில் ஒன்று வங்கியோ வாட்ஸ்அப்போ என்றால் வேண்டாம். பழைய போனில் இன்னொரு சிம்மைப் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. எப்படியானாலும் திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் கடையில் வாங்குங்கள். முதல் நாளே சிம்மை மாற்றி, வங்கி ஆப்பில் ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். திரையை அணைத்து வைத்துவிட்டு, யாரையாவது செய்தி அனுப்பச் சொல்லி அறிவிப்பு வருகிறதா என்றும் பாருங்கள்.