வெளிநாட்டுக் கவிதையை உஸ்பெக்கில் பெயர்க்கும்போது யாப்பை என்ன செய்கிறார்கள்?

மூலத்தின் யாப்பை அப்படியே கொண்டுவர முடியாது. உஸ்பெக்கில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, அரபு-பாரசீக வழியில் வந்த 'அரூஸ்'. நெடில், குறில் அசைகளின் அடுக்கு அது, பழைய உஸ்பெக் கவிஞர் நவாயியின் கஸல்கள் (ஈரடிக் கண்ணிகளாலான பாடல்கள்) அதில்தான். மற்றொன்று 'பர்மோக்': விரல் விட்டு எண்ணுவதுபோல அடிக்கு இத்தனை அசை என்ற கணக்கு. ஐரோப்பியக் கவிதைக்குப் பெரும்பாலும் இதுதான் கைகொடுக்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் அடி 11 அசை. பர்மோக்கிலும் 11 அசை அடி மிக இயல்பானது.

உண்மையான சிக்கல் இயைபில்தான். தமிழைப்போலவே உஸ்பெக்கிலும் வினை கடைசியில், விகுதி ஒட்டி வரும். கெல்தி (வந்தான்), கெத்தி (போனான்), ஓல்தி (எடுத்தான்) என்று அடுக்கினால் இயைபு தானாக விழும்; கேட்கத்தான் சலிப்பு. நல்ல மொழிபெயர்ப்பாளர் வினையை முன்னே நகர்த்தி, பெயர்ச்சொல்லை அடியின் இறுதியில் நிறுத்துவார். அந்த உழைப்பு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

புஷ்கினின் 'எவ்கேனி அனேகின்' 1930களில் உஸ்பெக் எழுத்தாளர் அய்பெக் கையால் நேரே ரஷ்யனிலிருந்து வந்தது. கவிஞர் சோல்பான் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டைத் தந்தார்; 1938இல் சோவியத் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. பிறகு கவிஞர்கள் எர்கின் வாஹிதோவ் கதேயின் 'ஃபாவுஸ்ட்'டையும், அப்துல்லா ஆரிப்போவ் தாந்தேயின் 'தெய்வீக நாடக'த்தின் நரகப் பகுதியையும் பெயர்த்தார்கள்.

சோவியத் காலத்தில் பிற ஐரோப்பிய மொழிக் கவிதைகள் பெரும்பாலும் ரஷ்யன் வழியாகவே வந்தன. அப்போது ரஷ்ய மொழிபெயர்ப்பாளரின் தேர்வுகளும் சேர்ந்தே வரும். ஆகவே ஒரு பெயர்ப்பை எடைபோடும் முன், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று முன்னுரையில் பாருங்கள்.